அந்த டிரைவரை நீங்களே போட்டுக் கொடுங்கள்

சர்வர் அட்மின்களுக்கு,

ரூட் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்கிறது. அது இல்லாதவர்கள் சார்பில் எழுதப்படும் மடல் இது. கல்லூரிக் கணினி மையத்தில் மாணவர்களுக்குக் கணக்குத் திறந்து கொடுப்பவர்கள், ஒரே சர்வரைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டு மலிவு விலையில் வாடகைக்கு விடுபவர்கள், வெளி இணையத்தைத் தொடவே விடாத அலுவலக உள் சர்வர்களைக் காப்பவர்கள் என எல்லோருக்கும் இது பொருந்தும். கேட்கப்படுவது சின்ன விஷயம்தான். ஸ்கிரிப்ட் எழுதுகிற ஒருவர் ‘டேட்டாபேஸ் மாட்யூல் வேண்டும்’ என்று டிக்கெட் போட்டால், ‘பாலிசிப்படி இயலாது’ என்று ஒரு வரியில் அதை மூடிவிடாதீர்கள். டிக்கெட்டை மூடிய பிறகு அந்த ஆள் என்ன செய்கிறார் என்பது உங்கள் கண்ணில் படுவதில்லை. பட்டால் தூக்கம் வராது.

பெர்ல் மொழியையே எடுத்துக்கொள்ளலாம். பழைய சரக்குதான், ஆனாலும் எந்த லினக்ஸ் சர்வரைத் திறந்தாலும் பெரும்பாலும் அது உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பெர்லில் டேட்டாபேஸோடு பேசுவதற்கான பொது இடைமுகம் டிபிஐ. டிம் பன்ஸ் 1994-இல் தொடங்கிய வேலை அது. டிபிஐக்குத் தனியாக எந்த டேட்டாபேஸும் தெரியாது. மைஎஸ்க்யூஎல்லுக்கு ஒரு டிபிடி டிரைவர், போஸ்ட்கிரெஸுக்கு இன்னொன்று, ஆரக்கிளுக்கு வேறொன்று என்று அதன் கீழே அமர்த்தவேண்டும். அந்தக் காலத்துச் சென்னையில் கம்பெனி துரைக்கும் ஊர் வியாபாரிக்கும் நடுவில் நின்ற துபாஷியின் வேலைதான் டிரைவருக்கும். பைத்தானில் இதே ஏற்பாட்டுக்கு 1999-இல் பெப் 249 என்ற பொது விதிமுறை வந்தது. பிஹெச்பியில் 2005-இல் பிடிஓ வந்தது. ஜாவாவில் 1997 முதலே ஜேடிபிசி உண்டு.

சிக்கல் தொடங்குமிடம் டிரைவருக்கும் கீழே இருக்கிறது. பெர்லின் மைஎஸ்க்யூஎல் டிரைவரும் பைத்தானின் போஸ்ட்கிரெஸ் டிரைவரான சைகோபிஜி2-உம் வெறும் ஸ்கிரிப்ட் கோப்புகள் ஆகா. அவற்றின் பாதி சி மொழியில் எழுதப்பட்டது. அந்தப் பாதி டேட்டாபேஸ் நிறுவனம் தரும் கிளையன்ட் லைப்ரரியோடு இணைந்து கம்பைல் ஆகவேண்டும். அதற்கு சர்வரில் சி கம்பைலர் வேண்டும். லைப்ரரியின் ஹெடர் கோப்புகள் வேண்டும். லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்லும் மைஎஸ்க்யூஎல்-கான்ஃபிக், பிஜி-கான்ஃபிக் போன்ற சிறு நிரல்கள் வேண்டும். பாதுகாப்புக் கருதி நீங்கள் முதலில் நீக்குவது கம்பைலரைத்தான். ஹெடர் கோப்புகளை யாரும் கேட்காமல் போடுவதில்லை. ஆக, ‘உன் ஹோம் டைரக்டரியில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்’ என்று நீங்கள் பெருந்தன்மையாகச் சொல்வதற்கு, சமையலறையைப் பூட்டிவிட்டு ‘வேண்டியதைச் சமைத்துச் சாப்பிடு’ என்று விருந்தாளியிடம் சொல்வதைவிட அதிகப் பொருள் இல்லை.

சரி, கம்பைலர் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ரூட் இல்லாமல் பெர்ல் மாட்யூல்களை ஹோம் டைரக்டரிக்குள் நிறுவ லோக்கல்-லிப் என்ற மாட்யூல் உண்டு. ஜப்பானியர் தாட்சுஹிகோ மியாகாவா 2010-இல் வெளியிட்ட சிபான்எம் கருவி அந்த வேலையை ஒரே கட்டளையில் முடித்துவிடும். நம் ஸ்கிரிப்ட்காரர் அதைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். டிரைவரின் புதிய பதிப்பு இறங்குகிறது. கம்பைல் பாதியில் முறிகிறது. காரணம் தேடினால் விநோதமாக இருக்கும்: 2023-இல் வந்த டிபிடி-மைஎஸ்க்யூஎல் ஐந்தாம் வரிசை, மரியாடிபி லைப்ரரிகளுக்கான ஆதரவைக் கைவிட்டுவிட்டது. டெபியனோ 2017 முதல் மைஎஸ்க்யூஎல்லின் இடத்தில் மரியாடிபியைத்தான் வைத்திருக்கிறது. பழைய நான்காம் வரிசைப் பதிப்பைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கவேண்டும். இல்லையென்றால் மரியாடிபிக்கென்று பிரிந்துபோன தனி டிரைவரைத் தேடவேண்டும். திரையில் கொட்டும் நூற்றுக்கணக்கான பிழை வரிகளுக்கு நடுவே இந்தத் தகவலைக் கண்டுபிடிப்பவர் கெட்டிக்காரர்தான்.

கண்டுபிடித்துவிட்டார். ஷெல்லில் ஸ்கிரிப்ட் ஓடுகிறது, டேபிளிலிருந்து வரிகள் வருகின்றன. பிரவுசரில் திறந்தால் ‘இன்டர்னல் சர்வர் எரர்’. லாகைப் பார்த்தால் டிபிஐ கோப்பைக் காணவில்லை என்கிறது.

இதற்குப் பின்னாலிருக்கும் காரணங்கள் உங்களுக்கு அத்துப்படி, அவருக்கு அப்படி இருக்கவேண்டிய அவசியமில்லை. அவர் மாட்யூல் பாதையைத் தன் பாஷ் கோப்பில் எழுதியிருக்கிறார். வெப் சர்வர் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. அப்பாச்சியின் சூஎக்ஸெக் வழியாக ஸ்கிரிப்ட் ஓடினால், அது சூழல் மாறிகளைத் துடைத்துவிட்டு, பாதுகாப்பானவை என்று தன் பட்டியலில் உள்ளவற்றை மட்டும் உள்ளே விடும். பெர்லை டெயின்ட் முறையில் ஓட்டினால், பெர்ல்5லிப் என்ற மாறியை பெர்லே கண்டுகொள்ளாது. இவை எல்லாமே நல்ல பாதுகாப்பு ஏற்பாடுகள். குறை சொல்ல இடமில்லை. ஸ்கிரிப்டின் தலையிலேயே ‘யூஸ் லிப்’ என்று முழுப் பாதையை எழுதினால் தீர்ந்தது. ஒரு வரி. அந்த ஒரு வரியை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரிலேயே மாட்யூலைப் போட்டு வைத்துச் சமாளித்தவர்களும் உண்டு. 2017-இல் வந்த பெர்ல் 5.26, நடப்பு டைரக்டரியைத் தேடல் பாதையிலிருந்து நீக்கியது. அன்றோடு அந்த வித்தையும் போயிற்று.

பாதை சரியானால் அடுத்தது லைப்ரரி. ஆரக்கிளின் இன்ஸ்டன்ட் கிளையன்டை ஹோம் டைரக்டரியில் விரித்து வைத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். டைனமிக் லிங்கர் லைப்ரரி தேடும் பாதையைப் புராசஸ் தொடங்கும்போதே படித்துவிடுகிறது. ஸ்கிரிப்டுக்குள் எல்டி-லைப்ரரி-பாத் மாறியை அமைப்பது, வண்டி கிளம்பிய பின் டிக்கெட் எடுப்பதுதான். ஸ்கிரிப்ட் தன்னைத் தானே மறுபடி ஓட்டிக்கொள்ளும்படி எழுதி இதைக் கடப்பவர்கள் உண்டு. கம்பைல் செய்யும்போதே லைப்ரரிப் பாதையை டிரைவருக்குள் பதித்துவிடுவது அதைவிடச் சுத்தமான வழி. ஆனால் ஹோம் பார்ட்டிஷனை நீங்கள் நோஎக்ஸெக் என்று மவுன்ட் செய்திருந்தால் இரண்டும் வீண். நிரல்களை ஓட்டுவதை மட்டும் தடுக்கும் ஏற்பாடு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு சொல், பகிர்வு லைப்ரரிக் கோப்புகளை நினைவகத்தில் ஏற்றுவதையும் தடுத்துவிடும். டிஎம்பி ஃபோல்டரை அப்படிப் பூட்டியிருந்தால் கம்பைல் வேலையே பாதியில் நின்றுபோவதும் உண்டு. பிழைச் செய்தியில் ‘அனுமதியில்லை’ என்று மட்டும் வரும். கோப்பின் அனுமதிகளைப் பார்த்தால் எல்லாம் திறந்தே கிடக்கும்.

வேறு கணினியில் கம்பைல் செய்து கொண்டுவந்து போடலாமே என்று தோன்றும். தோன்றியவர்கள் ஏராளம். அங்கே ஜிலிப்சி புதிது, இங்கே பழையது என்றால் ஏறாது. பெர்ல் பதிப்போ, அது கட்டப்பட்ட விதமோ மாறினாலும் ஏறாது. பைத்தான்காரர்கள் இந்தத் தலைவலிக்கு 2016-இல் ஒரு மருந்து கண்டார்கள். மெனிலினக்ஸ் என்ற விதிமுறைப்படி, அப்போதே மூப்படைந்துவிட்ட சென்ட்ஓஎஸ் 5 மேல் கம்பைல் செய்த தொகுப்பு, அதற்குப் பின்வந்த பெரும்பாலான லினக்ஸ்களில் அப்படியே ஓடும். சைகோபிஜி2-இன் பைனரித் தொகுப்பு அந்த வகைதான். ஒரே நொடியில் நிறுவிவிடலாம். அதை உருவாக்கியவர்களோ, சோதனைக்கு அது போதும், உண்மையான பயன்பாட்டுக்கு மூலத்திலிருந்தே கம்பைல் செய்துகொள்ளுங்கள் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். சுற்றிச் சுற்றி மறுபடியும் கம்பைலர்!

சி மொழியே கலக்காத டிரைவர்கள் இருக்கின்றன. பைத்தானில் பைமைஎஸ்க்யூஎல், பிஜி8000. ஜாவாவின் நான்காம் வகை டிரைவர்கள் ஒரு ஜார் கோப்பு, அவ்வளவுதான். பெர்லில் டிபிஐக்கே தூய பெர்ல் வடிவம் உண்டு; ஒரு சூழல் மாறியை அமைத்தால் போதும். வெளி லைப்ரரியை நம்பாமல் இருப்பதில் பிஹெச்பியின் கதை சுவையானது. மைஎஸ்க்யூஎல் நிறுவனம் தன் கிளையன்ட் லைப்ரரியை ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றியது பிஹெச்பி உரிமத்தோடு ஒத்துப்போகவில்லை. பிஹெச்பி 5 அந்த லைப்ரரியைத் தன் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டது. மைஎஸ்க்யூஎல் 2004-இல் திறமூலத் திட்டங்களுக்கு உரிம விலக்கு கொடுத்துச் சமாதானம் பேசியது. பிறகு 2009-இல் பிஹெச்பி 5.3-இல் மைஎஸ்க்யூஎல்என்டி என்ற சொந்த டிரைவர் வந்து, வெளி லைப்ரரியே தேவையில்லை என்றாகிவிட்டது. இன்று மலிவு ஹோஸ்டிங்கில் மைஎஸ்க்யூஎல் இணைப்புக்காகப் பிஹெச்பிக்காரர் தனியாக மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்றால், உரிமம் மூட்டிய அந்தச் சண்டைக்கும் அதில் பங்குண்டு.

ஆனால் தூய டிரைவர்களுக்கும் ஒரு ஆபத்து உண்டு. டேட்டாபேஸ் தன் கைகுலுக்கும் முறையை மாற்றினால், பராமரிப்பு நின்றுபோன டிரைவர் வாசலிலேயே நின்றுவிடும். 2004-இல் மைஎஸ்க்யூஎல் 4.1 பாஸ்வேர்டு ஹேஷை 16 எழுத்திலிருந்து 41 எழுத்துக்கு மாற்றியபோது பழைய கிளையன்ட்கள் திகைத்து நின்றன. 2018-இல் 8.0 பதிப்பு கேச்சிங்-ஷா2 முறையை இயல்பாக்கியபோது அதே நாடகம் இரண்டாம் முறை அரங்கேறியது. இரண்டு முறையும் கிடைத்த அறிவுரையும் ஒன்றே: ‘அந்தக் கணக்கை மட்டும் பழைய முறைக்கு மாற்றிவிடுங்கள்.’ கிளையன்ட் லைப்ரரியைப் புதுப்பிக்க அனுமதி இல்லாததால் சர்வரின் பாஸ்வேர்டுப் பாதுகாப்பைத் தளர்த்துகிறார்கள். பாலிசியின் நோக்கம் இதுவாகவா இருந்தது? 2024-இல் 8.4 பதிப்பு பழைய முறையை இயல்பாக அணைத்து வைத்தது, 9.0 அதை அடியோடு எடுத்துவிட்டது. இந்த ஊன்றுகோலும் இனி இல்லை.

டிரைவர் ஒருவழியாக அமைந்த பின்னும் இணைப்பு வராமல் படுத்தும் இரண்டு இடங்களைச் சொல்லவேண்டும். முதலாவது ‘லோக்கல்ஹோஸ்ட்’. மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் அந்தச் சொல்லைக் கண்டால் நெட்வொர்க்குக்கே போகாது, யூனிக்ஸ் சாக்கெட் கோப்பைத் தேடும். அந்தக் கோப்பு டெபியனில் ஓரிடத்தில், ரெட் ஹேட்டில் வேறிடத்தில், சில நிறுவல்களில் டிஎம்பி ஃபோல்டரில் இருக்கும். சிஸ்டம்டி ஏற்பாட்டில் வெப் சர்வருக்கென்று தனி டிஎம்பி ஒதுக்கப்பட்டிருந்தால், ஷெல்லில் தெரிகிற சாக்கெட் வெப் சர்வரின் கண்ணுக்குத் தெரியாது. 127.0.0.1 என்று எண்ணால் எழுதினால் 3306-ஆம் போர்ட் வழியாகப் போய்ச் சேரும். இரண்டாவது எஸ்இலினக்ஸ். ரெட் ஹேட் குடும்பத்தில் வெப் சர்வர் புராசஸ் நெட்வொர்க் வழியாக டேட்டாபேஸைத் தொடுவது இயல்பில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதைத் திறக்க ஒரு பூலியன் இருக்கிறது: ஹெச்டிடிபிடி-கேன்-நெட்வொர்க்-கனெக்ட்-டிபி. ஒரு கட்டளை, ஒரு நொடி. அதைச் செய்ய ரூட் வேண்டும் என்பதால் அது உங்கள் வேலை. இது தெரியாமல் ‘எஸ்இலினக்ஸை அணைத்துப் பார்’ என்று மொத்தக் காவலையும் வீட்டுக்கு அனுப்பிவிட்ட சர்வர்கள் உலகத்தில் எத்தனையோ. அதையும் ரூட் உள்ளவர்தான் செய்திருப்பார் என்பதை மட்டும் இங்கே மெல்லச் சொல்லி வைக்கலாம்.

உங்கள் பயம் வெறும் பிடிவாதம் என்று யாரும் சொல்லவரவில்லை. 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புக்குள் கிரிப்டோ பணப்பை திருடும் நிரல் நுழைந்தது. 2022-இல் சிடிஎக்ஸ் என்ற பைத்தான் தொகுப்பு கைமாறி, சூழல் மாறிகளைக் களவாடியது. 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் விவகாரம்: சுருக்க லைப்ரரி ஒன்றில் பின்வாசல் வைத்து எஸ்எஸ்ஹெச் வழியே உள்ளே வரப் பார்த்தார்கள். அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட். எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கண்டு விடாமல் துருவியவர். பிழைப்புக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வேலை பார்ப்பவர். ஆக, கண்ட இடத்திலிருந்து கண்டதை இறக்கி நிறுவ விடக்கூடாது என்பதில் உங்களோடு சண்டையில்லை.

சண்டை அடுத்த வரியில்தான். தடுத்ததால் இறக்கி நிறுவுவது நிற்கவில்லை, உங்கள் பார்வையிலிருந்து விலகிவிட்டது, அவ்வளவே. ஹோம் டைரக்டரியில் ஒருவர் சிரமப்பட்டுக் கம்பைல் செய்து வைத்த டிரைவர், அவர் வேலை மாறிப் போன பின்னும் அங்கேயே கிடக்கும். அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் எங்கிருந்தும் வராது. உதாரணம் வேண்டுமா? 2017-இல் டிபிடி-மைஎஸ்க்யூஎல்லில் ஒரு குறை பதிவானது, எண் சிவிஇ-2017-10789. எஸ்எஸ்எல் வேண்டும் என்று ஸ்கிரிப்டில் எழுதினாலும், ‘முடிந்தால் எஸ்எஸ்எல்’ என்றே டிரைவர் அதைப் புரிந்துகொண்டது. நடுவில் நிற்பவர் குறியாக்கத்தைக் கழற்றிவிட்டு வெறும் எழுத்தாகப் படித்துக்கொள்ளலாம். டிஸ்ட்ரோவின் பேக்கேஜாகப் போட்டிருந்தால், டிஸ்ட்ரோ திருத்தம் வெளியிடும்போது உங்கள் வழக்கமான அப்டேட்டிலேயே அதுவும் சேர்ந்து வரும். ஹோம் டைரக்டரி நகலுக்கு அந்த வழி கிடையாது.

இன்னும் மோசமானவர்கள் டிரைவரையே கைவிட்டவர்கள். மைஎஸ்க்யூஎல் கட்டளையை ஸ்கிரிப்டுக்குள்ளிருந்து ஷெல் வழியாகக் கூப்பிட்டு, வரும் எழுத்தை வெட்டிப் பிரித்து வேலையை முடிக்கிறார்கள். கட்டளையோடு எழுதிய பாஸ்வேர்டு, புராசஸ் பட்டியலில் ஒரு கணமாவது மற்றவர்கள் கண்ணில் படும். மைஎஸ்க்யூஎல் கிளையன்ட் அதை உடனே அழித்தாலும், அழிக்கும் முன் ஓர் இடைவெளி உண்டு என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. அதைவிடப் பெரிய இழப்பு, பிளேஸ்ஹோல்டர். பயனர் தட்டிய மதிப்பை எஸ்க்யூஎல் வாக்கியத்தோடு ஒட்டாமல் தனியாக அனுப்பும் வசதியைத் தருவது டிரைவர்தான். அது இல்லாதவர் மேற்கோள் குறிகளைக் கையாலேயே எஸ்கேப் செய்து வாக்கியம் கட்டுகிறார். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்ற தாக்குதல் 1998-லேயே ஃப்ராக் இதழில் விளக்கப்பட்டுவிட்டது. பதினேழு ஆண்டு கழித்து, 2015-இல், பிரிட்டனின் டாக்டாக் நிறுவனத்திலிருந்து 1,56,959 வாடிக்கையாளர்களின் தகவல் அதே வழியில் வெளியே போனது. அந்நாட்டுத் தகவல் ஆணையர் விதித்த அபராதம் 4 லட்சம் பவுண்டு. அங்கே சிக்கியது, வேறொரு நிறுவனத்தை வாங்கியபோது கூடவே வந்த பழைய வலைப்பக்கங்கள். அவற்றின் டேட்டாபேஸ் மென்பொருளும் திருத்தம் போடாமல் பழசாகக் கிடந்தது. யாரும் பார்க்காத மூலையில் கிடப்பதெல்லாம் இப்படித்தான் ஒருநாள் பேசப்படும்.

என்ன செய்யலாம்? டெபியன், உபுண்டு ரெபாசிட்டரியில் லிப்டிபிடி-மைஎஸ்க்யூஎல்-பெர்ல் என்று கையெழுத்திட்ட பேக்கேஜ் இருக்கிறது. ரெட் ஹேட்டில் பெர்ல்-டிபிடி-மைஎஸ்க்யூஎல். பைத்தானுக்கும் பிஹெச்பிக்கும் இதேபோல உண்டு. கம்பைலர் தேவையில்லை, வெளி ஆட்களின் தொகுப்பும் தேவையில்லை. நீங்கள் ஏற்கெனவே நம்பும் அதே டிஸ்ட்ரோ கட்டித் தந்தது. முக்கியமான மூன்று நான்கு டேட்டாபேஸ்களுக்கு இவற்றை யாரும் கேட்காமலே போட்டு வைக்கலாம். சில மெகாபைட்டுக்கு மேல் ஆகாது. எந்த மொழி எந்தப் பதிப்பு, எந்த டிரைவர் எந்தப் பதிப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பயனர்கள் கண்ணில் படும்படி வைத்தால் பாதி டிக்கெட் வராது. வெளி இணையம் இல்லாத சர்வரா? இணையமுள்ள கணினியில் பிப் கருவியால் தொகுப்புகளை இறக்கி, நீங்கள் சோதித்து, உள்ளே ஒரு ஃபோல்டரில் வைத்துவிட்டால், அங்கிருந்து மட்டும் நிறுவும்படி பிப்பிடம் சொல்லிவிடலாம். பெர்லின் சிபான் களஞ்சியத்துக்கும் மினி நகல் வைத்துக்கொள்ளும் கருவி உண்டு. வாசலில் நின்று சோதிக்கும் அதிகாரம் அப்போதும் உங்களிடமே இருக்கும்.

தடை போடுவதிலும் நல்ல முறை உண்டு என்பதற்கு டெபியன் 12 ஒரு சான்று. 2023-இல் வந்த அந்தப் பதிப்பில், சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் கொண்டு எதையாவது நிறுவப் போனால் மறுத்துவிடும். மறுப்போடு நிற்காமல், டிஸ்ட்ரோ பேக்கேஜைப் போடுங்கள், இல்லையேல் தனி வென்வ் சூழல் அமைத்துக்கொள்ளுங்கள் என்று வழியையும் அதே செய்தியில் சொல்லும். உங்கள் டிக்கெட் பதில்களுக்கு அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

ஸ்கிரிப்ட்காரர்கள் பக்கமும் குறையில்லாமல் இல்லை. ‘டேட்டாபேஸ் வேலை செய்யவில்லை, அவசரம்’ என்று டிக்கெட் போடுபவருக்கு யாராலும் உதவ முடியாது. பேக்கேஜின் பெயர், பிழைச் செய்தியின் முழு வரி, ஷெல்லில் ஓடுகிறதா வெப்பில் ஓடுகிறதா என்ற தகவல், இவை மூன்றும் இருந்தால் வேலை பத்து நிமிடத்தில் முடியும். அவர்களுக்கு வேறொரு மடல் எழுதலாம்.

இப்போதைக்கு உங்களிடம் ஒரே வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு டிக்கெட் வந்தால், மூடுவதற்கு முன் உங்கள் பேக்கேஜ் மேனேஜரில் அந்த டிரைவரின் பெயரைத் தட்டித் தேடிப் பாருங்கள். இருந்தால் போட்டுவிடுங்கள். போட்டபின் வெப் சர்வரின் பயனர் கணக்கிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு பதில் எழுதுங்கள்.